பிரேக்கைக் கழற்றச் சொன்ன மகனுக்கு

மகனே,

கடிதம் என்றால் முதல் வரியில் நான் நலம் என்று எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாவதில் இங்கிலீஷ் என்னை வெளியே தள்ளுவதற்குள் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதையும் இன்றைக்கு எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ பயந்துவிடாதே. பயந்து போயிருப்பது நான். உன் மரம் அறுக்கிற மிஷின் இதோ என் பட்டறை மேஜையில் இருக்கிறது. நாளைக் காலையில் நீ வந்து இதை எடுத்துக்கொண்டு தளிப் பக்கம் தைல மரம் வெட்டப் போகிறாய். அதற்குள் இதன் பிரேக்கைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறாய். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை. கையில் வேலை இல்லாதபோது பயத்துக்கு நல்ல வசதி. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நேரில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். சொல்லிப் பார்த்தேன். நம் இருவருக்கும் ஒரு வியாதி இருக்கிறது, எதைப் பேசத் தொடங்கினாலும் கேலியில் போய் முடியும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, "டேய், அது ஆபத்துடா" என்று ஆரம்பித்தேன். "அப்பா, நீ மிக்சி ஓடுனாலே ரெண்டடி தள்ளி நிக்கிற ஆளு" என்றாய். உன் அம்மா சிரித்தாள், உன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள், நானும் சிரித்துவிட்டேன். என்னைக் கிண்டல் பண்ணினால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். சிரித்து முடித்தபோது சொல்ல வந்தது சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதை மருமகளும் படிக்கட்டும், மிஷின் பிடிக்கிற வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களும் படிக்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது குந்தாரப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை தெரிந்த சங்கதி. தண்ணீர் மோட்டாரும் மொபெட்டும் பழுது பார்த்துக்கொண்டு இருந்தவன் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்செயல். யாரோ ஒருத்தர் ஒரு மிஷினைக் கொண்டுவந்து, "இதுவும் மொபெட் இன்ஜின் மாதிரிதான், பாரு" என்று வைத்துவிட்டுப் போனார். பார்த்தேன், ஓடியது. அதற்கப்புறம் மரம் வெட்டுகிறவர்கள் எல்லாம் என் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் ஒரு மரத்தைக்கூட வெட்டியதில்லை. சோதித்துப் பார்க்க ஒரு மாங்கட்டையை இரும்பு ஸ்டாண்டில் கட்டி வைத்திருக்கிறேன். அதை அறுக்கவே பைக் ஹெல்மெட் மாட்டிக்கொள்வேன். "என்ன மெக்கானிக்கு, பெங்களூருக்கா கெளம்பிட்ட?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டால் முகம் வெளுப்பது வெளியே தெரியாது, அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இப்படிப்பட்ட எனக்கு, நீ இந்த மிஷினை வாங்கி வந்த அன்று பயம் வரவில்லை என்றால் நம்புவாயா? சந்தோஷம்தான் வந்தது. ஓசூர் கம்பெனியில் உன் காண்ட்ராக்ட் முடிந்து, மறுபடி கூப்பிடுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டு நீ வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது. உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் சந்தைக்குப் போனவன், மாடு கட்டுகிற இடத்துக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் தார்ப்பாயில் கிடந்த ஒரு கிழட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதன் நிறம் என்னவென்று சொல்ல முடியாத அளவுக்கு அழுக்கு. ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு அறுந்து, பழைய நைலான் புடவையைக் கிழித்து முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"உயிர் இருக்காப்பா?" என்றாய்.

"நாடி புடிச்சுப் பாத்துதான் சொல்லணும்."

"போயிடுச்சுன்னா?"

"உங்கம்மாகிட்ட குடுத்துடு, துவைக்கிற கல்லு மேல வைக்க வெயிட்டு வேணும்னு கேட்டுட்டு இருந்தா."

அடுத்து வந்த நாட்கள்தான் நீயும் நானும் சேர்ந்து வேலை செய்த நாட்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது கடைக்குள் விடவே மாட்டேன், கைகால் எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், பொறி வந்தது. கயிற்றை இழுத்தால் அழுத்தம் இருந்தது. பெட்ரோல்தான் மேலே ஏறவில்லை. டேங்குக்குள் இருந்த ரப்பர் குழாய் காய்ந்து, தொட்டால் சேமியா மாதிரி ஒடிந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் தகடு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. இரண்டையும் மாற்றியதும் ஓடியது. ஓடியதே தவிர ஒரு நிலையில் நிற்கவில்லை. பக்கவாட்டில் சாய்த்தால் தானாகவே ரேஸ் ஆகிக் கத்தியது. நீ ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருகு திருகு என்று திருகினாய். அப்போது சொன்னேனே ஞாபகம் இருக்கிறதா? பழைய மிஷின் இப்படித் தாறுமாறாக ஓடினால் முதலில் அது எங்கிருந்தோ காற்றைத் திருடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஸ்குரூவைத் திருகினால் வியாதி மறைந்து நிற்கும், போகாது. கிராங்க் ஓரத்து ஆயில் சீல் தேய்ந்து போயிருந்தது. மாற்றினோம். குழந்தை மாதிரி அடங்கியது.

அப்புறம்தான் உனக்கு ஆசை பிடித்தது. கம்பெனியில் மிஷின் ஓட்டியவன் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு எண் வேண்டும் உனக்கு. போனில் ஏதோ ஆப் போட்டு, சத்தத்தை வைத்தே இன்ஜின் வேகத்தைக் கணக்குப் பண்ணினாய். பெட்ரோல் ஸ்குரூவை உள்ளே திருகத் திருக வேகம் ஏறியது. "பாரு, எப்படிப் பாடுதுன்னு" என்றாய். பாடுகிற மிஷினை நம்பாதே என்றேன். அதை மறுபடியும் இங்கே எழுதி வைக்கிறேன். முழு ரேஸில், மரத்துக்கு வெளியே இருக்கும்போது, தொண்டை கட்டியவன் மாதிரி லேசாகக் கரகரக்க வேண்டும். மரத்துக்குள் இறங்கியதும் அந்தக் கரகரப்பு போய்க் குரல் சுத்தமாக வேண்டும். வெளியிலேயே கீச்சென்று கத்தினால் அதற்குப் பெட்ரோல் பற்றவில்லை. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயிலும் பற்றவில்லை என்று அர்த்தம். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதே மாதிரி, ரேஸை விட்டுவிட்டால் செயின் அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்தால் ஐடிலைக் குறை. குறைத்தும் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் ஓரடி எடுத்து வைக்காதே.

சைலன்சர் ஓட்டையைப் பெரிதாக்கலாம் என்றாய், ஆக்கினோம். அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டி வைத்தோம். பெரிய மரத்துக்கு வேண்டும் என்று, செயின் சுற்றி ஓடுகிற அந்த இரும்புப் பாரை நீளமாகப் போட்டோம். செயின் பல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருக்குமே, ஒரு பல் எவ்வளவு மரம் கடிக்கலாம் என்று அளவு வைக்கிற மேடு, அதையும் அரத்தால் தேய்த்துக் குறைக்கலாமா என்று கேட்டாய். அங்கேதான் முதல் தடவை நான் குறுக்கே கை நீட்டினேன். அதைத் தேய்த்தால் மிஷின் வேகமாகத் தின்னும், ஆனால் கடித்ததை விடாமல் கையைப் பிடுங்கும் என்று சொல்லி அரத்தை வாங்கி உள்ளே வைத்தேன். மற்றது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நாம் செய்த ஒவ்வொரு வேலையும் மிஷினுக்குப் பலம் சேர்த்தது. அதைப் பிடிக்கப் போகிற ஆளுக்கு ஒரு கையுறைகூடச் சேர்க்கவில்லை. உன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

மருமகளுக்காக ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். இந்த மிஷினில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தட்டு நிற்கும். பார்த்தால் கைக்கு மறைப்பு மாதிரி இருக்கும். அதுதான் பிரேக். பார் நுனி எதிலாவது இடித்து மிஷின் துள்ளி முகத்துக்கு வந்தால், நம் இடது மணிக்கட்டு அந்தத் தட்டில் பட்டு அது முன்னால் சாயும். உள்ளே ஒரு இரும்புப் பட்டை, செயினைச் சுற்றவைக்கிற கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். செயின் நின்றுவிடும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. ஆகவும் கூடாது, ஏனென்றால் செயின் கழுத்துக்கு வருவதற்கும் அவ்வளவு நேரம்தான்.

இனி நாகரசம்பட்டித் தோப்புக்கு வருகிறேன். காய்ப்பு நின்ற பழைய மாமரங்களை எடுத்துவிட்டு வேறு கன்று வைக்கப் போவதாகத் தோட்டத்துக்காரர் உன்னைக் கூப்பிட்டார். உன் முதல் வேலை. மிஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வருவதாகச் சொல்லி நானும் வந்தேன். நீ எப்படி ஓட்டுகிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். நன்றாகத்தான் ஓட்டினாய். இரண்டு மரம் சாய்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரரிடம், "மிஷின் டியூனிங் நம்மளுது" என்றுகூடச் சொன்னேன். அப்புறம் கீழே விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தாய். அறுக்கிற கிளையில்தான் உன் கண் இருந்தது. அதற்குப் பின்னால் இலைக்குள் இன்னொரு கிளை இருந்தது. பார் நுனியின் மேல்பக்கம் அதைத் தொட்டது.

மிஷின் எகிறியது. நான் பார்த்தேன். உன் கை இரண்டும் மேலே போனது, பார் உன் தாடைக்கு நேராக நிமிர்ந்தது, தட்டு சாய்ந்து டக் என்று ஒரு சத்தம், செயின் நின்றுவிட்டது. உன் கழுத்துக்கும் அந்த செயினுக்கும் நடுவில் என் உள்ளங்கையை நுழைக்க முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். உனக்கு எதுவும் தெரியவில்லை. உனக்கு அது ஒரு குலுக்கல். இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். நான் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்ப்பா, எகிறுனது மிஷினு. நீ ஏன் உக்காந்துட்ட?"

"சுகருடா."

"உனக்கு ஏது சுகரு?"

"இப்பதான் வந்துச்சு."

நீ சிரித்தாய். தோட்டத்துக்காரர், "தண்ணி குடுப்பா உங்கப்பனுக்கு" என்றார். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது சொம்பு பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அதையும் நான் வேண்டுமென்றே பண்ணுகிறேன் என்று நினைத்தாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் தலையெழுத்து. பிடித்த பிரேக் விடவில்லை. தட்டைப் பின்னால் இழுக்கிறாய், வரவில்லை. இழுத்துப் பார்த்தாய், உதைத்துப் பார்த்தாய், கட்டையால் தட்டினாய். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. "என்ன தம்பி, கம்பெனியில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார். உன் காது மடல் சிவந்துவிட்டது. கடைசியில் நான் மூடியைத் திறந்து நெம்பி எடுத்துக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அந்தச் சனியன் மட்டும் இல்லன்னா இன்னும் ஒரு மரம் முடிச்சிருப்பன்" என்று அதையே திட்டிக்கொண்டு வந்தாய். வண்டியில் உன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் உன் பிடரி. வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். உனக்கு அன்றைக்கு நடந்தது பிரேக் மக்கர் பண்ணியது. எனக்கு அன்றைக்கு நடந்தது வேறு. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு.

அடுத்த வாரம் உன் மேஸ்திரி கடைக்கு வந்தார். தளிக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். அவர் கெட்ட மனிதர் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று நின்ற இடத்திலிருந்து சொல்லக்கூடியவர். உன்னைத் தன் கேங்கில் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம். வந்தவர் மிஷினைத் தூக்கிப் பார்த்தார், இழுத்து ஸ்டார்ட் பண்ணினார், தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு தட்டைத் தொட்டு, "இது பேடா, தெகெதுபிடி" என்றார். வேண்டாம், எடுத்துவிடு என்று கையாலும் பிய்த்து எறிகிற மாதிரி காட்டினார்.

"அண்ணா, அது பிரேக்கு" என்றேன்.

"வண்டிக்கு பிரேக் வேணும் மெக்கானிக்கு. மரம் எங்க ஓடப் போவுது?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரித்தாய். என் வாயும் இளித்தது, அதை என்ன சொல்ல. "தூளு அடைச்சுக்கிட்டா புடிச்சுக்கும். அப்புறம் பாதி நாளு போச்சு. என் ஆளுங்க ஒருத்தன் மிஷின்லயும் இது கெடையாது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். அவர் போன பிறகு அந்தக் கடைசி வார்த்தையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாதவர்கள்தான் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியும். ஆனவன் எங்கே வந்து எப்படிச் சொல்லுவான்?

அன்றைக்கு நீயும் ஒன்று கேட்டாய். மூலையில் இருக்கிற அரிசிச் சாக்கைக் காட்டி, "ஊருக்கெல்லாம் நீதான கழட்டிக் குடுத்த? எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ பேச்சு?" என்றாய். அந்தச் சாக்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மரம் வெட்டுகிறவர்கள் கேட்டுக்கேட்டு நான் கழற்றி எடுத்த பிரேக் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. இந்தப் பக்கம் மிஷின் வாங்கினால் முதல் சர்வீஸிலேயே, ஆயில் மாற்றுகிற மாதிரி, "அதையும் எடுத்துடு" என்பார்கள். நானும் எடுத்துவிடுவேன். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வதுதான் தொழில் என்று இருந்துவிட்டேன். உன் கேள்விக்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். உனக்கு மட்டும் ஏன் என்றால், அது உன் கழுத்து என்பதால். சுயநலம் பிடித்த பதில்தான். ஆனால் உன் கழுத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது.

அதனால் கழற்றுவதற்கு முன்னால், அது ஏன் பிடித்துக்கொண்டது என்று பிரித்துப் பார்த்தேன். இவ்வளவு வருஷமாக யாருக்கும் பார்த்துக் கொடுக்காத வேலை. பட்டைக்குப் பின்னால் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. செயினுக்குப் பைக் கடைக் கழிவு ஆயில் ஊற்றுகிறோமே, அந்தத் தார்தான் தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டு திரும்புகிற பின்னில் துரு. ஸ்பிரிங் தளர்ச்சி. பட்டையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது அந்த வெடித்த பட்டை. இன்னொரு தடவை அது பிடித்திருக்குமா, அறுந்திருக்குமா, எனக்குத் தெரியாது.

இந்தப் பழைய மாடலுக்குப் புதுப் பட்டை எங்கேயும் கிடைக்கவில்லை. ஓசூரில் கேட்டேன், பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டேன், மியூசியத்தில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் சாக்கைத் தரையில் கொட்டினேன். துருப்பிடித்த பட்டைகளும் தட்டுகளுமாக ஒரு குவியல். நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, இது யாருடையது, இது யாருடையது என்றுதான் மனசு போனது. நம் மாடல் ஒன்று கிடைத்தது, பட்டை புதுசு மாதிரி இருந்தது. அது யாருடைய மிஷினில் இருந்தது என்றும் ஞாபகம் வந்தது. ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், வாட்டசாட்டமாக இருப்பார், வெற்றிலை போடுவார். அவர் கடைக்கு வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஏன் வரவில்லை? அந்தக் கேள்வி வந்ததும் பட்டையைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிறவரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"யாரு, மெக்கானிக்கா? என்ன அதிசயம்!"

"சும்மாதான் போட்டன். நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கன். ஏன், கெட்ட கனவு ஏதாச்சும் கண்டியா?"

"கை, காலு எல்லாம்..."

"இரு, எண்ணிப் பாத்துச் சொல்றன். எல்லாம் இருக்குது." போனிலேயே இடி மாதிரி சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. மிஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "அத எப்பவோ வித்துட்டன். கர்நாடகாப் பக்கம் எவனோ வாங்கிட்டுப் போனான், பேருகூடத் தெரியாது" என்றார். போனை வைத்துவிட்டேன். பிரேக் என் கையில் இருக்கிறது. மிஷின் எங்கேயோ யார் கையிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆளுக்கு அதில் ஒன்று குறைகிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். அதை நான் எங்கே போய்த் தேட?

தேடக்கூடிய ஆட்களைத் தேட ஆரம்பித்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன், நாளைக்கு வரும்போது பார்ப்பாய். இங்கே பிரேக் கழற்றித் தரப்படாது, கழற்றியதைக் காசு வாங்காமல் மாட்டித் தரப்படும் என்று எழுதியிருக்கிறேன். "இனி கடைக்கு ஈ, காக்கா வராது" என்கிறாள் உன் அம்மா. அவளுக்கு உன் விஷயத்தில் பயமெல்லாம் யானைதான். தளிக் காட்டில் யானை வரும், பையன் தனியாக ஒதுங்கப் போகக் கூடாது என்று என்னிடம் தினமும் சொல்கிறாள். யானை பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது வருகிறது என்று ஊரே கத்தும். மருமகள் போன வாரம் நீ இல்லாதபோது கேட்டாள், "மாமா, அந்த மிஷின்ல ஒண்ணும் ஆவாதில்ல?" என்று. "ஸ்கூட்டி மாதிரிதாம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா மருமகளே, அது பொய். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று சொன்னேன். இப்போது நீயும் பயப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். நான் ஒருத்தன் பயந்து போதவில்லை.

மகனே, பிரேக்கைக் கழற்றவில்லை. மாற்றி மாட்டியிருக்கிறேன். பட்டை மாற்றி, பின் மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு நானே மாங்கட்டையில் ஓட்டி, தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன். பிடிக்கிறது, விட்டால் விடுகிறது. தினமும் வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிடு, கழிவு ஆயிலை விட்டுவிட்டு நான் வைத்திருக்கிற கேனில் உள்ளதை ஊற்று, அது அடைத்துக்கொள்ளாது. மேஸ்திரி சொன்ன குறை அவ்வளவுதான், அதற்கு மருந்து ஒரு பிரஷ். பார் நுனி எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்து வைத்துக்கொள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே. இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். மிஷினுக்கு நேர் பின்னால் கழுத்தை வைக்காதே, கொஞ்சம் இடது பக்கமாக நில்.

நீ இதைக் கழற்றிவிடலாம். எனக்குத் தெரியும். இரண்டு மூன்று ஸ்குரூதான், எப்படி என்று கற்றுக்கொடுத்ததே நான்தான். வெல்டிங் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். தட்டு இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாத மாதிரி ஒயரை மாற்றலாமா என்றும் யோசித்தேன். உன் அப்பன் பத்தாவது ஃபெயில் என்றாலும் அந்த அளவுக்கு மூளை உண்டு. ஆனால் நான் பூட்டுகிற எதையும் நீ திறந்துவிடுவாய். கேங்கில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எதிர்த்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று, அன்றைக்குக் கடையில் இளித்துக்கொண்டு நின்ற என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் கட்டளை ஒன்றும் போடவில்லை. ஒன்று கேட்கிறேன்.

தினமும் காலையில் முதல் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் எனக்குப் போன் போடு. பேச வேண்டாம். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு கட்டையின் மேல் வை. மிஷினை ஸ்டார்ட் பண்ணி, இரண்டு கையாலும் பிடித்து, முழு ரேஸ் கொடுத்து, இடது மணிக்கட்டால் தட்டை முன்னால் தள்ளு. செயின் நின்றதும் ரேஸை விட்டுவிடு. அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். கழற்றிவிட்டாய் என்றால் போன் போடாதே, நான் புரிந்துகொள்வேன். வேறு எவன் மிஷினையாவது ஓட்டிக்காட்டி ஏமாற்றலாம் என்றும் நினைக்காதே, உன் மேஸ்திரி கேங்கில் பிரேக் உள்ள மிஷின் வேறு கிடையாது.

அங்கே சிக்னல் சரியாக இருக்காது என்பாய். மேட்டில் ஏறி நின்றால் கர்நாடகா டவராவது பிடிக்கும், பிடிக்கிற இடத்தைத் தேடு. நீ கூப்பிடுகிற நேரத்துக்கு முன்னாலேயே நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் அது எனக்குத் தொண்டையில் இறங்காது. டீயை ஆறவிட்டால் அவள் எப்படித் திட்டுவாள் என்று உனக்குத் தெரியும். சீக்கிரம் கூப்பிடு சாமி.

உன் அப்பா